வோல்கா கரையில் ஒரு பதினான்கு மாதச் சீசனும் அரைக்கிலோ நெத்திலியும்

2011 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. ரஷ்யப் பிரீமியர் லீக்கின் 30ஆவது சுற்று அன்றோடு முடிந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து நோட்டை விரித்து, புள்ளிப் பட்டியலுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு போட்டேன். நான் மருத்துவம் படித்த நிஷ்னி நோவ்கொரோத் ஊரின் அணியான வோல்கா, கீழ் லீக்குக்கு இறக்கிவிடும் கடைசி இரண்டு இடங்களில் இல்லை. நேராக மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய் சீனியர் அண்ணனின் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, நெத்திலிய எடுங்க."

போர்வைக்குள்ளிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "எதுக்குடா?"

"பந்தயம் மறந்துட்டீங்களா? வோல்கா கீழ இறங்காதுன்னு சொன்னேன்ல."

"இன்னும் பதினாலு மேட்ச் இருக்குடா, கிறுக்கா. போய்ப் படு."

பதினாலு மேட்ச் இருப்பது எனக்கும் தெரியும். தெரிந்தும், மனசு ஒத்துக்கொள்ளவில்லை. 16 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக 30 ஆட்டம். நவம்பரில் பனி விழும்போது லீக் முடியும். ரஷ்யாவில் அதுவரை அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் மட்டும் நடக்கவில்லை. கால்பந்து நாட்காட்டியையே மாற்றப் போகிறோம் என்று சொல்லி, 2011 மார்ச் 12 அன்று தொடங்கிய சீசனை 2012 மே 13 வரை இழுத்தார்கள். பதினான்கு மாதம். மொத்தம் 352 ஆட்டங்கள், அதற்கு மேல் தகுதிப் போட்டிகள் வேறு.

சமீபத்தில் இதை நினைக்க ஒரு காரணம் உண்டு. ஜப்பானின் ஜே லீக்கும் வசந்தத்தில் தொடங்கி ஆண்டிறுதியில் முடியும் பழைய முறையை விட்டு, ஆகஸ்டில் தொடங்கும் முறைக்கு மாறுகிறது. இடைவெளியை நிரப்ப 2026 பிப்ரவரி முதல் ஜூன் வரை, தரமிறக்கம் இல்லாத ஒரு குட்டித் தொடர். சிங்கப்பூர் பிரீமியர் லீக் 2024 மே மாதம் தொடங்கி 2025 மே வரை ஒரே சீசனாக ஓட்டி இந்த மாற்றத்தைத் தாண்டியது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பன் அப்போது, "எப்ப முடியும்னே தெரியலடா, பாக்கவே அலுப்பா இருக்கு" என்று புலம்பினான். அலுப்பா? பதினான்கு மாதச் சீசனை மைனஸ் குளிரில் நின்று பார்த்தவனிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் தேவாலயத் திருவிழா வந்தால் கால்பந்துப் போட்டியும் வரும். மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த கூட்டம். மருத்துவம் படிக்க 2010 செப்டம்பரில் நிஷ்னி நோவ்கொரோத் போய்ச் சேர்ந்தேன். ஓகா ஆறு வோல்காவில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். சோவியத் காலத்தில் கோர்க்கி என்று பெயர், வெளிநாட்டுக்காரன் உள்ளேயே நுழைய முடியாத மூடிய நகரம். நான் போன அந்த வருடக் கடைசியில்தான் வோல்கா அணி முதல்முறையாகப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அதற்கு முன் இந்த ஊரிலிருந்து லோகோமோட்டிவ் என்ற அணி மேல்மட்டத்தில் ஆடி 2000இல் இறங்கிவிட்டது. பதினோரு வருடம் கழித்து ஊருக்குப் பெரிய கால்பந்து திரும்ப வந்திருக்கிறது என்றால் டீக்கடையிலிருந்து (சரி, அங்கே டீக்கடை கிடையாது, பேருந்து நிறுத்தத்திலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்) எல்லா இடத்திலும் அதே பேச்சு.

சீனியர் அண்ணன் நெல்லைக்காரர், நான்காம் வருடம். கால்பந்தில் அக்கறையே இல்லாதவர். ஆனால் பந்தயம் என்றால் விடமாட்டார். "புதுசா ஏறி வந்தவன் அந்த வருஷமே இறங்குவான். எழுதி வச்சுக்கோ" என்றார். அவருடைய அம்மா அனுப்பிய அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு பந்தயப் பொருள். என் பக்கம் இரண்டு கிலோ பொன்னி அரிசி. ரஷ்யாவில் இரண்டும் தங்கம்.

முதல் ஆட்டத்துக்குப் போனது மார்ச்சில். காலண்டரில் வசந்தம், தரையில் முழங்கால் வரை பனி. ஓகா பாலத்தைக் கடந்து மினி வேனில் லோகோமோட்டிவ் மைதானம் போனோம். நான் சென்னையில் வாங்கிய தோல் ஜாக்கெட், ஜீன்ஸ், விளையாட்டு ஷூ. அரைமணி நேரத்தில் கால் விரல்கள் இருக்கின்றனவா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா. அவர் காலில் கம்பளியை அடித்துச் செய்த வாலென்கி பூட்ஸ். தன் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கிழித்து என் காலுக்குக் கீழே தள்ளினார். "கான்கிரீட் சூட்டை உறிஞ்சும். காற்றை விடத் தரைதான் ஆளைக் கொல்லும்." உடற்கூறு வகுப்பில் படித்த எதையும் விட அன்று அது பயனுள்ள பாடம். அதற்குப் பிறகு நான் அட்டை இல்லாமல் மைதானத்துக்குப் போனதே இல்லை. செய்தித்தாளை மடித்து உட்காரும் இடத்திலும் போடலாம். பிளாஸ்டிக் இருக்கையின் குளிர் முதுகுத்தண்டு வழியாக ஏறுவது நின்றுவிடும். போனை ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைத்தால் பாதி ஆட்டத்துக்குள் பேட்டரி செத்துவிடும், சட்டைக்குள் வைக்க வேண்டும். காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு பூட்ஸை இறுக்கிக் கட்டுவது மடத்தனம். இரத்தம் ஓட இடம் வேண்டும், ஒரு அளவு பெரிய பூட்ஸ் வாங்குவதே சரி.

பிளாஸ்கில் சூடாக டீ கொண்டு போகலாம் என்று ஒருமுறை புத்திசாலித்தனம் செய்தேன். வாசலில் சோதனையில் உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. வெளியே ஒரு மின்கம்பத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பனிக்குவியலுக்குள் புதைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதே மாதிரி மின்கம்பம் வரிசையாகப் பன்னிரண்டு. பிளாஸ்க் ஏப்ரல் கடைசியில் பனி உருகியபோது யாருக்காவது கிடைத்திருக்கும்.

அந்தத் தாத்தா எப்போதும் அதே இடத்தில்தான் இருப்பார். கையில் ஒரு காகிதக் கூம்பு நிறைய சூரியகாந்தி விதை. அங்கே அதற்கு செமெச்கி என்று பெயர். முன்பல்லில் ஒரு கடி, நாக்கில் ஒரு தள்ளு, தோல் கீழே, பருப்பு உள்ளே. கண் மைதானத்தை விட்டு நகராது. ஆட்டம் முடியும்போது தரையெல்லாம் கறுப்புத் தோல் மெத்தை. நடுவர் தவறாக விசில் அடித்தால் கூட்டம் மொத்தமும் கத்தும்: "நடுவரைச் சோப்புக்குப் போடு!" கிழட்டுக் குதிரையைக் கொன்று சோப்புக் காய்ச்சுவார்களாமே, அந்த அர்த்தம். நான் ரஷ்ய மொழியில் பிழையில்லாமல் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஒரு நாள் இந்த நீண்ட சீசனைப் பற்றிக் கேட்டேன். தாத்தா சிரித்தார். "1976 தெரியுமா உனக்கு? ஒரே வருடத்தில் இரண்டு சாம்பியன்." உண்மைதான். அந்த வருடம் சோவியத் லீக்கை வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டாக வெட்டி, இரண்டு தனித்தனிச் சாம்பியன்களை அறிவித்தார்கள். வசந்தத்தில் மாஸ்கோ டைனமோ, இலையுதிர்காலத்தில் மாஸ்கோ டார்ப்பிடோ. "அப்போது ஒரு வருடத்தை இரண்டாக வெட்டினார்கள். இப்போது ஒன்றரை வருடத்தை ஒன்றாக ஒட்டுகிறார்கள். எது செய்தாலும் பனி அதே இடத்தில்தான் விழும்" என்றார்.

அந்த ஒட்டு வேலை எப்படி என்றால்: முதலில் வழக்கமான 30 ஆட்டம். அது முடிந்ததும் பட்டியலை நடுவில் அறுத்து, மேல் எட்டு அணிகள் ஒரு குழு, கீழ் எட்டு அணிகள் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இன்னும் இரண்டு முறை மோதல், அதாவது 14 ஆட்டம். முதல் கட்டத்தில் எடுத்த புள்ளிகள் அப்படியே தொடரும். பெல்ஜியத்தில் இந்த மாதிரிப் பிரிக்கும்போது புள்ளிகளைப் பாதியாக்கினார்கள், ரஷ்யாவில் அது இல்லை. கீழ்க் குழுவில் கடைசி இரண்டு அணிகள் நேரடியாக இறங்கும். அதற்கு மேலே இருக்கும் 13, 14ஆம் இட அணிகள், இரண்டாம் மட்டத்தில் மூன்றாவது நான்காவது வந்த அணிகளோடு தகுதிப் போட்டி ஆட வேண்டும்.

நான் கோட்டைவிட்டது கடைசி விதியில். "கடைசி இரண்டுதானே ஆபத்து" என்று நோட்டில் சிவப்புக்கோட்டை 14க்கும் 15க்கும் நடுவில் போட்டிருந்தேன். உண்மையான ஆபத்துக்கோடு 12க்கும் 13க்கும் நடுவில். மாற்றத்துக்கான சீசன் ஒன்றைப் பின்தொடரப் போகிறீர்கள் என்றால், முதல் ஆட்டத்துக்கு முன்பே விதிப்புத்தகத்தை ஒருமுறை கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். பழைய வருடத்து நினைவில் ஓட்டினால் என்னை மாதிரிக் கருவாட்டுக்கு ஏமாந்து நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, பட்டியலைப் பார்க்கும் விதம். முதல் கட்டத்தின் முடிவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியான ஜெனித் 61 புள்ளி, இரண்டாவது இடத்தில் மாஸ்கோவின் செஸ்கா 59. (சி.எஸ்.கே. இல்லை, அதற்கு மேல் ஒரு எழுத்து. ரஷ்யர்கள் செஸ்கா என்றே சொல்வார்கள். விடுதியில் தமிழ்ப் பசங்க பாதிப் பேர் அந்தப் பெயருக்காகவே அதற்கு ரசிகர்கள் ஆனார்கள்.) இரண்டே புள்ளி வித்தியாசம், கடைசிவரை இழுபறி என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் பிரித்த பிறகு மேலே உள்ள எட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அதிகம் அடிபடாமல் தப்பித்த ஒரே அணி ஜெனித். 2012 ஏப்ரல் 28 அன்று டைனமோவை 2-1 என்று வென்று, மூன்று சுற்று மிச்சமிருக்கும்போதே கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். முடிவில் ஜெனித் 88, மாஸ்கோ ஸ்பார்ட்டக் 75, செஸ்கா 73. இரண்டு புள்ளி இடைவெளி பதின்மூன்றாகிவிட்டது. எட்டாவதாக மேல் குழுவுக்குள் நுழைந்த அன்ஜி, கேமரூன் நட்சத்திரம் சாமுவேல் எட்டோவை வைத்துக்கொண்டு ஐந்தாவதாக முடித்தது. எட்டோ வந்ததே சீசன் நடுவில், 2011 ஆகஸ்டில். பழைய முறையில் மூன்று மாதத்துக்கு மட்டும் உதவியிருப்பார்; இந்தச் சீசனில் அவருக்கு முழு லீக் ஒன்று ஆடும் அளவுக்கு நேரம் கிடைத்தது. பாதியில் வந்த பட்டியலை நம்பக் கூடாது என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

மருத்துவ மாணவனாக எனக்கு இன்னொரு ஆச்சரியம். 2011 ஆகஸ்ட் கடைசியில் ஸ்பார்ட்டக்குக்கு எதிரான ஆட்டத்தில் செஸ்காவின் கோல்கீப்பர் இகோர் அகின்ஃபேயெவுக்கு முழங்கால் சிலுவைத் தசைநார் கிழிந்தது. சாதாரணமாக அறுவை, ஆறேழு மாதம் ஓய்வு, 'அந்தச் சீசன் அவ்வளவுதான்' என்பார்கள். இங்கே அந்த ஆறேழு மாதமும் சீசனுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அடுத்த கோடையில் யூரோ கோப்பைக்குப் போன ரஷ்ய அணியிலும் அவர் பெயர் இருந்தது. எலும்பியல் வகுப்பில் பேராசிரியர் இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னபோது நான் மட்டும் தேதியோடு பதில் சொன்னேன். மற்ற பாடங்களில் அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். நான் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, 2010 டிசம்பரில், மாஸ்கோவில் ஒரு ஸ்பார்ட்டக் ரசிகர் கொல்லப்பட்டதை ஒட்டி கிரெம்ளினுக்குப் பக்கத்து மானேஷ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டு, கருத்த முடி, மாநிறம் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். அந்த வாரம் முழுக்க சீனியர்கள் எங்களை வெளியே விடவில்லை. 2011இல் அன்ஜிக்காக ஆடிய ரொபெர்த்தோ கார்லோஸுக்கு ஒரு மைதானத்தில் வாழைப்பழத்தைக் காட்டினார்கள். ஜூனில் சமாராவில் வாழைப்பழத்தை வீசவே செய்தார்கள், அவர் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியே நடந்தார். உலகக் கோப்பை வென்ற மனிதருக்கே அந்தக் கதி.

எனக்கு நேராக எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொண்டேன் என்பது சரியாக இருக்கும். கோலுக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் டிக்கெட் மலிவு, ஆனால் அங்கே ஒருநாளும் வாங்கவில்லை. பக்கவாட்டில், குடும்பத்தோடு வருகிறவர்கள், வயசானவர்கள் உட்காரும் பகுதி. விலை ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு கூடுதல், பரவாயில்லை. வெளியூர் அணியின் நிறத்தில் தொப்பிகூடப் போடுவதில்லை. இறுதி விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்பே கிளம்புவது, அல்லது எல்லோரும் போய் இருபது நிமிடம் கழித்துக் கிளம்புவது. கூட்டத்தோடு கூட்டமாக மெட்ரோவில் ஏறுவது மட்டும் கிடையாது. பாஸ்போர்ட், பதிவுச் சீட்டு, மாணவர் அட்டை மூன்றும் உள்பையில் இருக்க வேண்டும். நகலை நீட்டினால் வேலைக்கு ஆகாது. தனியாகப் போகாதே என்பார்கள், நான் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்: ஐந்தாறு பேராகச் சத்தம் போட்டுத் தமிழ் பேசிக்கொண்டு போகாதே. இரண்டு பேர் போதும்.

சரி, நாட்காட்டிக்கு வருகிறேன். இந்த மாற்றத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் அப்போதைய ரஷ்யக் கால்பந்து சங்கத் தலைவர் செர்கேய் ஃபுர்சென்கோ. அதற்கு முன் ஜெனித்தின் தலைவராக இருந்தவர். வாதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஐரோப்பா முழுக்க ஆகஸ்டிலிருந்து மே வரை ஆடும்போது நாம் மட்டும் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஆடினால், வீரர்களை வாங்கும் விற்கும் காலம் ஒத்துவரவில்லை. ஐரோப்பியக் கோப்பைகளுக்கு ஒரு சீசனில் தகுதி பெற்ற அணி, அடுத்த சீசன் பாதி ஓடிய பிறகே ஆடப் போகிறது. பிப்ரவரியில் நாக் அவுட் சுற்று வரும்போது நம் அணிகள் தூக்கத்தில் இருக்கின்றன.

முதல் இரண்டும் நியாயம். மூன்றாவது எனக்கு அப்போதே விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. நாட்காட்டியை மாற்றினாலும் குளிரை மாற்ற முடியாதே. நவம்பர் கடைசியில் லீக்கை நிறுத்தி மார்ச் தொடக்கத்தில்தான் திரும்ப ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஓய்வு, முன்பு இருந்ததைப் போலவே. 2012 பிப்ரவரியில் ஜெனித்தும் செஸ்காவும் சாம்பியன்ஸ் லீக் கடைசி 16இல் ஆடின. விடுதிப் பொது அறையில் ஒரே டிவி, அறுபது பேர். உறைந்த பெத்ரோவ்ஸ்கி மைதானத்தில் ஜெனித் பென்ஃபிக்காவை 3-2 என்று வென்றபோது ஒரு மேசை உடைந்தது. அடுத்த வாரம் லுஷ்னிக்கியில் செஸ்கா கடைசி நிமிடத்தில் கோல் போட்டு ரியல் மாட்ரிட்டோடு 1-1 எடுத்தபோது இன்னொரு மேசை. மார்ச்சில் வெளியூர் ஆட்டங்களில் ஜெனித் 0-2, செஸ்கா 1-4. இரண்டும் அவுட். ஓய்விலிருந்து எழுந்து வந்த கால்கள் ஒரு ஆட்டம் தாங்கின, இரண்டாவதைத் தாங்கவில்லை.

அதே சமயம் நாடே இன்னொரு நாட்காட்டி மாற்றத்தில் இருந்தது. 2011 மார்ச்சில் கடிகாரத்தைக் கோடை நேரத்துக்குத் தள்ளி, இனி பின்னால் திருப்பப் போவதில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. விளைவு, அந்த டிசம்பரில் நிஷ்னியில் காலை ஒன்பதரை மணிக்குத்தான் வெளிச்சம். இருட்டில் எழுந்து, இருட்டில் வகுப்புக்குப் போய், மதியம் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்து, இருட்டில் திரும்புவோம். கால்பந்தும் இல்லை. அந்த மூன்று மாதம்தான் இந்தச் சீசனின் கடினமான பகுதி. ஆடுகிறவனுக்குத் துருக்கி, ஸ்பெயின் என்று பயிற்சி முகாம் இருக்கும். பார்க்கிறவனுக்கு என்ன இருக்கிறது? நான் ஐஸ் ஹாக்கிக்குப் போனேன். உள்ளூர் டார்ப்பிடோ அணி. அரங்கம் மூடியது, கதகதப்பு, அட்டை வேண்டாம். நண்பன் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்: இடைவெளியில் வேறு ஒன்றைப் பிடித்துக்கொள். பிடிக்காவிட்டால் மார்ச்சில் லீக் திரும்பும்போது உனக்கே ஆர்வம் இருக்காது.

ஏனென்றால் திரும்பி வந்த லீக், எங்களுக்கு, சுவாரஸ்யமான லீக் இல்லை. வோல்கா கீழ்க் குழுவில். இனிமேல் ஸ்பார்ட்டக் வராது, ஜெனித் வராது, எட்டோவைப் பார்க்க முடியாது. அதே ஏழு அணிகள், மூன்றாவது முறையாக, நான்காவது முறையாக. கிராஸ்னோதார், அம்கார், தேரெக், ரஸ்தோவ்... கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. முதல் கட்டத்தில் மாஸ்கோ அணிகள் வந்தபோது வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய அதே மைதானத்தில் இப்போது இருக்கைக்கு இருக்கை இடைவெளி விட்டுக் கால் நீட்டலாம். தாத்தா தன் விதைக் கூம்பை என் பக்கம் நீட்டி, "பார், இந்த முதுகை எனக்கு மனப்பாடம்" என்று எதிரணி பின்கள வீரர் ஒருவரைக் காட்டினார். கோலுக்கு ஆசைப்பட்டு யாரும் ஆடவில்லை, தோற்காமல் இருக்க ஆடினார்கள். மேல் எட்டுக்கு ஐரோப்பிய இடம் என்ற இனிப்பு இருக்கிறது. கீழ் எட்டுக்கு இருப்பது பயம் மட்டும். இப்படிப் பிரிக்கும் லீக்குகளை வடிவமைக்கிறவர்கள் கீழ்க் குழுவின் முதல் இடத்துக்கும் ஏதாவது ஒன்றைத் தொங்கவிட வேண்டும்.

செலவு விஷயத்தில் நான் கற்றது தாமதமாகத்தான். வீட்டிலிருந்து வரும் பணம் வருடத்துக்கு ஒருமுறை. நானோ சீசன் ஒன்பது மாதம் என்று கணக்குப்போட்டு, மாதத்துக்கு இரண்டு டிக்கெட் என்று ஒதுக்கியிருந்தேன். நவம்பரில் அந்த உறை காலி. மிச்சம் ஏழு உள்ளூர் ஆட்டம். பின்னே, காலைச் சாப்பாட்டை ரவைக் கஞ்சியாக்கி, மினி வேனுக்குப் பதிலாக நடந்து, நான்கைப் பார்த்தேன், மூன்றை விட்டேன். பெரிய அணிகள் வரும் ஆட்டங்கள் எல்லாம் முதல் கட்டத்தில் இருக்கும் என்று முன்னாலேயே யோசித்திருந்தால் அங்கே தாராளமாகச் செலவழித்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் வைத்திருப்பேன். நடுவில் இருப்பதை ரேடியோவில் கேட்டால் போதும். மொழிக்கும் நல்லது.

மே 13. சீசன் முடிந்தது. தோம்ஸ்க்கின் தோம் அணியும் நால்சிக்கின் ஸ்பார்ட்டக்கும் நேரடியாக இறங்கின. வோல்கா 14ஆவது. நான் 14க்கும் 15க்கும் நடுவில் போட்ட சிவப்புக்கோடு நோட்டில் இன்னும் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலேதான் இருக்கிறோம், ஆனால் தப்பவில்லை. தகுதிப் போட்டி.

எதிரணி யார் என்று பார்த்தபோது முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். இரண்டாம் மட்டத்தில் மூன்றாவது வந்த அணியின் பெயர் எஃப்சி நிஷ்னி நோவ்கொரோத். அதே ஊர். ஐந்து வருடம் முன்பு, 2007இல் தொடங்கிய அணி. பதினான்கு மாதம் நாடெங்கும், சைபீரியா வரை பறந்து ஆடிய லீக்கின் கடைசிக் கேள்வி, ஒரே ஊரின் இரண்டு அணிகளில் எது மேலே என்பது. பஸ்ஸில் அப்பா ஒரு ஸ்கார்ஃப், மகன் இன்னொரு ஸ்கார்ஃப். மருத்துவமனை வார்டில் நர்ஸ்கள் இரண்டு கட்சி. எங்களுக்கோ பரீட்சை நேரம், மருந்தியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். இம்முறை அட்டை தேவைப்படவில்லை. வெயில், லைலாக் பூ வாசனை.

"யாருக்குக் கத்தப் போகிறீர்கள்?" என்று தாத்தாவிடம் கேட்டேன். "யார் ஜெயித்தாலும் ஊர் மேலேதான். யார் தோற்றாலும் என் பக்கத்து வீட்டுக்காரன் வேலை போகும்" என்று சொல்லிவிட்டு விதையைக் கடித்தார். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து வோல்கா 2-1. ஒரு கோல் வித்தியாசம். கடைசி விசில் ஊதியபோது வந்தது மகிழ்ச்சியா, பெருமூச்சா என்று சொல்லத் தெரியவில்லை. தாத்தா கூம்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி: தோற்ற அணியை வோல்காவோடு இணைத்துவிட்டார்கள். கால்பந்து மைதானத்தில் முடிவானதைக் கணக்குப் புத்தகத்தில் வேறு விதமாக முடித்தார்கள். ஜூலையில் அடுத்த சீசன் புது நாட்காட்டியில் தொடங்கியது. 2018 உலகக் கோப்பைக்காக ஊரில் பெரிய மைதானம் எழும்பியதற்கு முன்பே, 2016இல், வோல்காவும் கலைந்துபோனது.

ஆனால் அந்த மே மாதத்தில் என் பந்தயம் ஜெயித்தது ஜெயித்ததுதான். அண்ணன் கொஞ்சம் சட்டம் பேசினார், "தகுதிப் போட்டி ஆடினா இறங்கின மாதிரிதான்" என்று. நான் நோட்டை விரித்தேன். வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்தார். ரஷ்ய வீடுகளில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. குளிர்காலத்தில் அந்த இடைவெளிதான் எங்கள் ஃப்ரிட்ஜ். நெத்திலி நவம்பரிலிருந்து அங்கேதான் கிடந்தது. மார்ச்சு வரை கல். மே வெயிலில் அது மெல்ல மெல்ல உயிர்பெற்று, இரண்டு நாளாக அந்த மாடியே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததாம்.

பொது அடுப்பறையில் வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் போட்டுத் தொக்காக வதக்கினோம். பத்தாவது நிமிடம் வாசல் காவல் பாட்டி மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். யாரோ செத்துக் கிடப்பதாக அவருக்குப் புகார் போயிருந்தது. வாணலியை எட்டிப் பார்த்தார். கரண்டியில் ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டார். வோல்காக்காரர்களுக்கு உப்புக் கருவாடு புதிதல்ல. வோப்லா என்று ஒரு மீனைக் காயவைத்து பீருக்குக் கடித்துக்கொள்வார்கள்.

"வோப்லாதான், ஆனால் குட்டி" என்றார். பிறகு மிளகாய் வேலை செய்யத் தொடங்கியது. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வதக்காமல் வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி அள்ளி முந்தானை மாதிரிக் கட்டியிருந்த ஏப்ரனில் முடிந்துகொண்டு கீழே போனார். அண்ணன் வாணலியைப் பார்த்து, "அதையும் உன் பங்குல கழிச்சுக்கோ" என்றார்.